கொழும்பில் காமிக்ஸும் கார்ட்டூனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமிக்ஸ் சேர்ப்பவர்கள், கார்ட்டூன் வரைபவர்கள், இரண்டையும் வாசித்துச் சிரிப்பவர்கள் என்று கொழும்பில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையிலோ செப்டம்பர் புத்தகக் கண்காட்சியிலோ கூடினால், புதிதாக வருபவர்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். சிவகாசியில் அச்சான காமிக்ஸ் நாயகன் மாயாவிக்குக் காட்டும் அக்கறையை நமது ஊர்ப் பத்திரிகைகளில் வந்த கார்ட்டூன்களுக்கும் காட்ட வேண்டும் என்று நினைப்பவன் நான்.

இங்கே உள்ளவர்கள் எதைச் சேர்க்கிறார்கள்?

முதலில் சிவகாசிப் புத்தகங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. பிரிட்டனில் 'வேலியண்ட்' வார இதழில் 1962 முதல் வந்த தொடர் அது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், உருக்குக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் போட்ட அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்காகவே இன்னும் பலர் தேடுகிறார்கள். 1984இல் லயன் காமிக்ஸும், சென்னையிலிருந்து ராணி காமிக்ஸும் வந்தன. ராணி 2005 வரை ஓடியது. லயனும் முத்துவும் நடுவில் சுணங்கி, 2012இல் புதுத் தெம்போடு திரும்பின. இன்றைக்கு இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தின் லக்கி லூக்கும் நல்ல தாளில், வண்ணத்தில் தமிழ் பேசுகிறார்கள்.

இதைத் தவிர அம்புலிமாமா, பூந்தளிர், ஆங்கிலத்தில் கமாண்டோ, டின்டின் என்று ஆளுக்கொரு பைத்தியம். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு புதையல் இருக்கிறது. 1970களில் 'சத்துட', 'சித்தர' போன்ற சித்திரக்கதைப் பத்திரிகைகள் இந்த நாட்டில் கிழமைக்குக் கிழமை வந்து விற்றன. கமிலஸ் பெரேரா படைத்த கஜமன் என்ற பாத்திரம் 2023இல் முப்பரிமாணத் திரைப்படமாகவே வந்தது. தமிழ் வீடுகளில் கஜமனைத் தெரியாதவர்கள் அதிகம். தெரிந்துகொள்ளுங்கள், சிரிக்க மொழி அதிகம் தேவைப்படாத படங்கள் அவை.

எங்கே தேடுவது?

புதிய இதழ்களுக்குச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தை காலி வீதியிலும் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைகளைக் கேளுங்கள். எப்போதும் இருப்பில் இருக்காது. இந்தியாவிலிருந்து பொதி வரும் கிழமையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வரும் உறவினரிடம் சொல்லி வைப்பது இன்னொரு வழி. அவர்கள் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே 4 புத்தகத்துக்கு இடம் கேட்பது பெரிய உதவி கேட்பதுதான், அதனால் பட்டியலைச் சின்னதாகக் கொடுங்கள்.

பழையவற்றுக்கு மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையோரம் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகள். அங்கே பெரும்பாலும் சிங்கள, ஆங்கிலப் புத்தகங்களும் பரீட்சை வினாத்தாள்களும்தான் அடுக்கியிருக்கும். "தெமள பொத் தியெனவத, அய்யே?" (தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா, அண்ணை?) என்று சிங்களத்தில் கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டை இழுத்துப் போடுவார்கள். யாரோ வீடு மாறும்போது மொத்தமாகக் கொடுத்த கட்டு அது. மேலே ஆண்டு 9 கணிதம், அதற்குக் கீழே ஒரு சோதிடப் புத்தகம், ஒரு திருமண மலர், அப்புறம் அட்டை போன ஒரு ராணி காமிக்ஸ். அவசரப்படாமல் கடைசி வரை பாருங்கள். கட்டை அவிழ்த்த மாதிரியே திரும்பக் கட்டிக் கொடுங்கள். அடுத்த முறை கடைக்காரர் உங்களுக்காக எடுத்து வைப்பது அதைப் பொறுத்துத்தான்.

செப்டம்பரில் பண்டாரநாயக்க சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் குறைவு, ஆனால் ஆட்களைச் சந்திக்கலாம். 2015இல் தொடங்கிய லங்கா காமிக் கொன் விழாவுக்கு இளையவர்கள் வேடம் போட்டே வருகிறார்கள். தமிழ் இதழ் தேடி அங்கே போகாதீர்கள். வரையும் பிள்ளைகளைப் பார்க்கப் போங்கள்.

பழைய தமிழ் இதழ்கள் கொழும்பில் ஏன் இவ்வளவு அரிது?

காரணங்கள் பல. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டது. வந்தது கொஞ்சம், அதுவும் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. இராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் ஓடிய காலத்தில் பயணப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தவையும் உண்டு. பிறகு அந்தக் கப்பலும் நின்றது.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் 1983 ஜூலை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை என்று தமிழர் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளும் எரிந்தன. அலுமாரிக்குள் என்ன இருந்தது என்று யாரும் பட்டியல் போட்டு வைக்கவில்லை. அதன் பிறகு யாழ்ப்பாணத்துக்கும், கனடாவுக்கும், இலண்டனுக்கும் போனவர்கள் உயிரையும் சான்றிதழ்களையும் கொண்டு போனார்களே தவிர மாயாவியைக் கொண்டு போகவில்லை. ஆகவே கொழும்பில் ஒரு வீட்டில் 1970களின் இதழ் ஒன்று முழுசாகக் கிடைத்தால், அதை யாரோ பலமுறை காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை பேசும்போது அதையும் மனதில் வையுங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்?

நிலையான விலை என்று ஒன்று இல்லை. அட்டை இருக்கிறதா, நடுப்பக்கம் இருக்கிறதா, கதையின் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதைக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். புதிய இதழ்களின் கணக்கு நேரானது. இந்திய ரூபா ஒன்று இப்போது நமது பணத்தில் 3க்கும் 4க்கும் இடையில் நிற்கிறது, அதன்மேல் கொண்டுவரும் செலவு. 2022 பொருளாதார நெருக்கடியில் நமது ரூபா விழுந்தபோது மாதச் சந்தா போல வாங்கியவர்கள் பலர் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று குறைத்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு புத்தகத்தை நான்கு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வாசிப்பது இந்த ஊரில் எப்போதும் இருந்த பழக்கம்தான்.

அசல் பதிப்பா மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள் அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். விலை, அச்சக விவரம், அடுத்த வெளியீட்டு விளம்பரம் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். பழைய விலையும் புதிய தாளும் சேர்ந்து வந்தால் யாரோ பிரதி எடுத்திருக்கிறார்கள். வாசிக்க மட்டும் வேண்டுமென்றால் மறுபதிப்பே நல்லது, எழுத்து தெளிவாக இருக்கும்.

கொழும்பு ஈரத்தில் புத்தகத்தை எப்படிக் காப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். கடற்கரையோரம் குடியிருந்துகொண்டு மலிவுத் தாளைச் சேர்ப்பது லேசான வேலையல்ல.

மலிவுத் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெளிச்சம் படாத அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய தட்டு வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். பொலித்தீன் பையில் போடுவதானால் ஒவ்வொன்றையும் தனிப் பையில், உள்ளே ஈரமில்லை என்று உறுதி செய்துகொண்டு, பையின் வாயை இறுக்கி ஒட்டாமல் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பைக்குள்ளேயே பூஞ்சணம் வளரும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா மணிப் பைகளை எறியாமல் சேர்த்து அலுமாரியில் போடலாம்.

அடுத்த எதிரி ஸ்டேப்பிள் கம்பி. கடற்காற்று பட்ட கம்பி துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் காவி நிறத்தில் கண் மாதிரி ஒரு வட்டம் விழும், பிறகு அந்த இடத்தில் தாள் ஓட்டையாகும். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து வைத்து, மொட்டைக் கத்தியின் நுனியால் கம்பியின் இரண்டு காலையும் மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி, முதுகுப் பக்கமாகக் கம்பியை நேராக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் தாள் கிழியும். கம்பி இருந்த அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உள்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். இறுக்கிக் கட்ட வேண்டாம். இப்படித் தைத்த புத்தகம் கம்பி போட்டதை விட நீண்ட நாள் நிற்கும்.

இராமபாணப் பூச்சி வந்துவிட்டால் புத்தகங்களைப் பொலித்தீனில் காற்றில்லாமல் சுற்றி ஆழ்குளிர்பெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும் வரை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் தாள் முழுக்கத் தண்ணீர் கோத்துவிடும். வெயிலில் காய வைப்பது, லமினேட் செய்வது, கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டுவது மூன்றும் கூடவே கூடாது. செலோடேப்பின் பசை சில வருடங்களில் தேன் நிறமாகி எழுத்தைத் தின்றுவிடும்.

வீட்டில் இடமில்லை என்கிறார்கள். என்ன சொல்வது?

"இஞ்சருங்கோ, இந்தப் பேப்பர் கட்டை எப்ப எடுக்கப் போறியள்?" என்ற கேள்வி வராத சேகரிப்பாளர் வீடு கிடையாது. இரண்டறை பிளாட்டில் பிள்ளைகளின் கட்டிலுக்கடியில் டெக்ஸ் வில்லர் குடியிருப்பது எல்லோருக்கும் கஷ்டம்தான். கட்டை ஒளித்து வைக்காமல், ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். லக்கி லூக்கைச் சும்மா புரட்டிய அம்மாக்கள் அடுத்தது எங்கே என்று கேட்ட வீடுகள் எனக்குத் தெரியும். வாசிக்கிற வீட்டில் தானாக இடம் கிடைக்கும்.

இரவல் கொடுக்கலாமா?

கொடுங்கள். ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிக்கொண்டு கொடுங்கள். ஒரே பிரதியாக உள்ளதை வீட்டில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், தேத்தண்ணியும் கொடுங்கள்.

கார்ட்டூன் போடுபவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலையில் மூன்று மொழிப் பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும். ஒரே செய்தி சிங்களத்தில் ஒரு கோபமாகவும், தமிழில் வேறொரு கோபமாகவும், ஆங்கிலத்தில் கூட்டறிக்கையாகவும் வந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் அன்றைய கார்ட்டூன் ஒளிந்திருக்கும். மதியத்துக்குள் பென்சிலில் இரண்டு மூன்று யோசனை. ஆசிரியரிடம் காட்டினால் அவற்றில் ஒன்று நிற்கும். அப்புறம் மையிட்டு முடிக்க ஒரு மணி நேரம் போதும், யோசிக்கத்தான் நாள் முழுக்க வேண்டும்.

ஆளை அடையாளம் காட்டுவது தனிக் கலை. முகம் முழுக்க வரையத் தேவையில்லை. குரக்கன் நிறச் சால்வையைக் கழுத்தில் போட்டால் ராஜபக்ச குடும்பம் என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கறுப்பு வெள்ளைப் பத்திரிகையில் அந்த நிறமும் இல்லாமல், சால்வை தொங்கும் விதத்தை வைத்தே காட்டுவார்கள்.

2022 மே, ஜூலை மாதங்களில் மதியம் வரைந்தது மாலையில் பழசாகிவிடும். பிரதமர் போனார், ஜனாதிபதி போனார், வரைந்து முடிக்கும் முன் நாற்காலியில் வேறு ஆள். அத்தோடு பத்திரிகைத் தாளுக்கே தட்டுப்பாடு. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் தாளில்லாமல் தள்ளிப்போன வருடம் அது. ஆனாலும் காஸ் சிலிண்டரும் பெற்றோல் வரிசையும் அந்தக் காலத்துக் கார்ட்டூன்களின் கதாநாயகர்களாக இருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன பகிடி ஒன்று: "இது எதுக்கண்ணை வரிசை?" "தெரியாது தம்பி, முன்னுக்கு நிக்கிறவரைக் கேட்டன், அவரும் என்னைத்தான் கேக்கிறார்." அதை அப்படியே இரண்டு உருவமாகப் போட்டால் கார்ட்டூன் முடிந்தது.

பலூனுக்குள் தமிழை அடக்குவது கஷ்டமா?

ஆம், நிறைய. பிரிட்டிஷ் கதைகளின் பலூன்கள் குட்டி ஆங்கிலச் சொற்களுக்காக வரையப்பட்டவை. அதற்குள் 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று எழுதினால் ஒரு வரி முழுக்கப் போய்விடும். சிவகாசி மொழிபெயர்ப்புகளில் எழுத்து நுணுக்கமாகி, வசனம் சுருங்கி, துப்பாக்கி மட்டும் கம்பீரமாக 'டுமீல்' என்று வெடித்தது இதனால்தான். சொந்தமாக வரைபவர்களுக்கு என் ஆலோசனை: முதலில் வசனத்தை எழுதுங்கள், அதைச் சுற்றி பலூனைப் போடுங்கள், மிச்ச இடத்தில் ஆளை வரையுங்கள். பேச்சை நமது பேச்சாகவே விடுங்கள். கொழும்பு 100ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கள்) என்று கத்த, உள்ளே நசுங்கும் ஐயா "எங்க தம்பி போறது, டிரைவருக்கு மடியிலயோ?" என்று கேட்பதைச் சென்னைத் தமிழில் எழுதினால் பகிடி செத்துவிடும்.

இலங்கைக் கார்ட்டூனில் யாரைத் தெரிந்திருக்க வேண்டும்?

சுந்தர் என்ற சி. சிவஞானசுந்தரத்திலிருந்து தொடங்குங்கள். கரவெட்டியில் 1924இல் பிறந்தவர். தினகரனில் அவர் வரைந்த சவாரித்தம்பர் ஊர்த் திண்ணைப் பேச்சைப் படமாக்கியது. 1960களில் கொழும்பில் சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். அதில் மகுடி என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள் ஒன்றிரண்டு வரிதான், ஆனால் வாசித்துவிட்டுச் சிறிது நேரம் யோசிக்க வைக்கும். கொழும்பு நாகரிகத்தில் மிதந்த மிஸ்டர் அண்ட் மிஸிஸ் டாமோடரனைப் பார்த்துச் சிரித்த குடும்பங்கள், பக்கத்து வீட்டைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தன. 1996இல் காலமானார். தமிழில் கார்ட்டூனையே நம்பி ஒரு சஞ்சிகையை இவ்வளவு காலம் நடத்தியவர் இந்த நாட்டில் வேறு யார் என்று என்னைக் கேட்டால், எனக்குச் சொல்லப் பெயரில்லை.

அப்புறம் ஓப்ரி கொலெட், 1950களின் அரசியல்வாதிகளைத் தூரிகையால் ஆட்டிவைத்த பறங்கியர். சாமானிய மனிதனாகப் புஞ்சி சிங்ஹோவைப் படைத்த டபிள்யூ. ஆர். விஜேசோம. 'அத்த' என்ற சிங்களப் பத்திரிகையில் வரைந்த ஜிப்ரி யூனூஸ்.

இது ஆபத்தான தொழிலா?

இருந்திருக்கிறது. கார்ட்டூனும் கட்டுரையும் எழுதிவந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன், காணாமல் போனார். இன்னும் திரும்பவில்லை. அவருடைய மனைவி சந்தியா அன்றிலிருந்து நீதி கேட்டு நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குப் பிறகு, சமூக ஊடகத்தில் படம் போடுபவர்களும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறார்கள். வரையும் இளையவர்களுக்குப் பயம் காட்ட இதைச் சொல்லவில்லை. ஒரு சிறு கட்டத்துக்குள் நாலு கோடு போடுவதற்கு இந்த நாட்டில் சிலர் கொடுத்த விலையைத் தெரிந்துகொண்டு வரையுங்கள்.

பிள்ளை கார்ட்டூன் வரைகிறாள். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

ஒரு கட்டு ஏ4 தாள், எச்பி பென்சில், நல்ல கறுப்பு ஜெல் பேனா. டேப்லட் பிறகு. "முகம் சரியில்லை" என்று திருத்தாதீர்கள், "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேளுங்கள். பஸ்ஸிலும் சந்தையிலும் ஆட்கள் நிற்கும் விதத்தைப் பார்க்கப் பழக்குங்கள். மீன் வாங்கும் ஆளும் நகை வாங்கும் ஆளும் குனிவது வேறு வேறு மாதிரி.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பலாமா?

உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது வேறு, ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. இன்னும் கடையில் விற்கும் புத்தகத்தைப் பிடிஎப் ஆக்கிச் சுற்றவிட்டால், சிரமப்பட்டு அச்சிடுபவரின் அடுத்த புத்தகத்தைத்தான் நிறுத்துகிறோம். இலங்கைத் தமிழ்ச் சஞ்சிகைகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. சிரித்திரன் இதழ்கள் பலவற்றை அங்கே இலவசமாக வாசிக்கலாம். உங்களிடம் அங்கே இல்லாத இதழ் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

பத்திரிகைக் கார்ட்டூன்களைச் சேர்ப்பது எப்படி?

காசு அதிகம் தேவைப்படாத சேகரிப்பு இதுதான். மற்றவர்கள் மாயாவியின் அட்டைக்கு அலையும்போது, வீரகேசரியிலும் தினக்குரலிலும் அன்றன்றைக்கு வந்த கார்ட்டூன்கள் மறுநாளே வடை சுற்றப் போய்விடுகின்றன. எனக்கு அதைத் தாங்க முடிவதில்லை. சிவகாசிக் கதைக்கு மறுபதிப்பு வரும், இதற்கு வராது.

கத்தரிக்கோலால் ஓரம் ஒட்ட வெட்டாதீர்கள், சுற்றிவர இரண்டு விரல் இடம் விடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பத்திரிகையின் பெயர், திகதி, வரைந்தவரின் பெயர் எழுதுங்கள். பேனா மை ஊறும். அன்றைய செய்தி என்ன என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அந்த வரி இல்லாமல் பகிடி யாருக்கும் விளங்காது. பசை போட்டு ஒட்டாமல், வெள்ளைத் தாள் ஒன்றை நடுவே வைத்து மாதத்துக்கு ஒரு உறையில் போடுங்கள். வெட்டிய கையோடு ஒரு புகைப்படமும் எடுத்து வைத்தால் தாள் போனாலும் படம் நிற்கும். பேப்பர்காரரிடமோ பக்கத்துக் கடையிலோ பழைய பேப்பர் கட்டு கிடைத்தால் எடையில் போடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள்.